கல்முனைக்குடிக் கரையும் சூறாவளியும்

கிழக்கிலங்கையின் கரையோரத்திலே, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் அமைந்திருப்பது கல்முனைக்குடி. அதன் கிழக்கெல்லை வங்காள விரிகுடா; மேற்கே விரிந்து கிடப்பது கரைவாகு வயல்வெளி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலே வீடுகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. இவ்வூரார் காற்றின் குணத்தை நன்கறிவர். கோடையிலே மேற்றிசையிலிருந்து வறண்டு வீசுவது கச்சான். மாரியிலே வடகிழக்கிலிருந்து மழையைச் சுமந்து வருவது வாடை. இவையிரண்டும் ஆண்டுதோறும் தவறாது வந்து போகும் காற்றுகள். தலைமுறைக்கு ஒரு முறையே வருகின்ற வேறொரு காற்றும் உண்டு. அதுவே சூறாவளி. அது அரிதாக வருகின்றது என்பது ஓர் ஆறுதல். அரிதாக வருவதனாலேயே மறக்கப்பட்டு விடுகின்றது என்பது ஓர் ஆபத்து.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியைக் கிழக்கு மாகாணத்து மக்கள் இன்றும் 'எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி' என்றே குறிப்பிடுவர். அதனால் ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சம் மக்கள் வரையில் பாதிப்புற்றனர். சேதமுற்ற கட்டடங்கள் இரண்டரை இலட்சத்தை அண்மின. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மீன்பிடிப் படகுகளில் ஐந்திலொன்று, அதாவது 240 படகுகள், இல்லாமற் போயின. பதினொரு நெற் களஞ்சியங்களில் ஒன்பது அழிந்தன. நெல்லும் தேங்காயும் மீனுமே வாழ்வெனக் கொண்ட ஒரு நாட்டுப்புறத்தில், இம்மூன்றும் ஒரே இரவிலே பறிபோயின. கிழக்குக் கரையைத் தாக்கிய அச்சூறாவளி தீவைக் குறுக்காகக் கடந்து, மன்னார் வளைகுடாவை அடைந்து, மறுநாள் தமிழகத்தின் இராமநாதபுரக் கரையிலே கீழக்கரைக்கு அண்மையில் மீண்டும் கரையேறியது.

இத்துணை ஆற்றல் ஒரு காற்றுக்கு எங்கிருந்து வருகின்றது? அதற்கு விடை வானத்தில் இல்லை, கடலில் உள்ளது. சூறாவளி என்பது கடலின் வெப்பத்தை உண்டு வளர்வது. ஏறத்தாழ ஐம்பது மீற்றர் ஆழம் வரையில் கடல்நீரின் வெப்பநிலை 26 அல்லது 27 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். மேற்பரப்பு மாத்திரம் சூடாயிருத்தல் போதாது. காற்றினாற் கலக்கப்பட்டுக் கீழிருந்து குளிர்நீர் எழுமாயின் சூறாவளியின் உணவு அற்றுப்போம்.

வெதுவெதுப்பான கடலிலிருந்து நீர் ஆவியாகி எழுகின்றது. நீரை ஆவியாக்குதற்குச் செலவான வெப்பம் அவ்வாவியிலே மறைந்திருக்கும். சோற்றுப் பானையின் மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை வெந்து போவதைப் பெண்கள் அறிவர். கையிற் பட்ட ஆவி நீராக மாறுகையில், அதனுள் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படுவதே அதற்குக் காரணம். ஒரு கிராம் ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 600 கலோரி. கடலின் மேலெழுந்த ஆவி வானிலே குளிர்ந்து முகிலாகும்போதும் இதுவே நிகழ்கின்றது. வெளிப்பட்ட வெப்பம் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி மேலும் உயரச் செலுத்துகின்றது. காற்று மேலெழுந்த இடத்தில் அமுக்கம் குறைகின்றது. அமுக்கம் குறைந்த இடத்தை நோக்கி நாலா திசையிலிருந்தும் ஈரக்காற்று விரைகின்றது. விரைந்து வந்த காற்று மேலும் ஆவியைக் கொணர்கின்றது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்க, தாழமுக்கம் நாளுக்கு நாள் ஆழமாகின்றது. அதன் காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தாண்டியதும் அது சூறாவளி எனப் பெயர் பெறுகின்றது. 118 கிலோமீற்றரை எட்டியதும் மிகக் கடுஞ் சூறாவளியாகின்றது. அதுபோன்ற வன்புயலையே அத்திலாந்திக் கடலோரத்தார் ஹரிக்கேன் என்றும், மேற்குப் பசுபிக் கடலோரத்தார் டைபூன் என்றும் அழைப்பர். பெயர் வேறாயினும் பிறப்பு ஒன்றே.

ஆயினும், காற்று நேராக ஓடிவந்து நடுவிடத்தை நிரப்பிவிடுமாயின் தாழமுக்கம் விரைவில் மறைந்துவிடும். அவ்வாறு நிகழாமற் காப்பது பூமியின் சுழற்சியாகும். சுழலும் பூமியின் மேல் ஓடுங் காற்று, வட அரைக்கோளத்தில் வலப்புறமாக விலக்கப்படுகின்றது. அதனால் நடுவிடத்தை நோக்கிய காற்று நேரே செல்லாது, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலே சுழலத் தொடங்குகின்றது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பார், 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வங்காள விரிகுடாப் புயல்களை ஆராய்ந்து, பாம்பு சுருண்டு கிடத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்கிளோன் என்னும் பெயரை அவற்றிற்கு இட்டார்.

இச்சுழற்றும் விசை எங்கும் ஒரே அளவினதன்று. பூமத்திய ரேகையில் அது இல்லை. துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லப் பெருகும். கல்முனைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழரைப் பாகை அளவில் உள்ளது. ஆந்திரக் கரையிலே 15 பாகையில் இருக்கும் விசையில் ஏறத்தாழப் பாதியே இங்குள்ளது. ஆந்திரம், ஒரிசா, வங்காளம் ஆகிய கரைகளைச் சூறாவளிகள் அடிக்கடி தாக்க, இலங்கையின் கிழக்குக் கரையை அவை அரிதாக அணுகுவதற்கு இது ஒரு முதன்மையான காரணம். அரிது என்பதற்கு இல்லை என்பது பொருளன்று. 1964 ஆம் ஆண்டு டிசம்பரில், பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் ஐந்து பாகை அளவிலே உருவான ஒரு சூறாவளி, இலங்கையின் வட பகுதியைத் தாக்கிய பின், 22 ஆம் திகதி இரவு தனுஷ்கோடியை அடைந்து அந்நகரையே கடலுக்கு இரையாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியும் அதிலிருந்த பயணிகளோடு அலையில் அடிபட்டுப் போயிற்று.

கிழக்குக் கரைக்கு அபாயம் மிகுந்த காலம் நவம்பர், டிசம்பர் மாதங்களாகும். அக்காலத்தே காற்றுகள் ஒருங்கு கூடும் வலயம் தெற்கே இறங்கி வருகின்றது. தாழமுக்கங்களும் தாழ்ந்த அகலக்கோடுகளிற் பிறக்கின்றன. ஆற்றில் மிதக்கும் சுழியை நீரோட்டம் இழுத்துச் செல்வது போல, சூறாவளியை அதனைச் சூழ்ந்த வளிமண்டலத்தின் பெருங்காற்று இழுத்துச் செல்கின்றது. இம்மாதங்களில் அக்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கியது. ஆதலால் அந்தமான் கடற்பகுதியிலே தோன்றியது சில நாட்களில் இலங்கைக் கரையை எட்டக்கூடும். சூறாவளிக்குள்ளே காற்று மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்திற் சுழன்றாலும், சூறாவளி முழுவதும் நகரும் வேகம் மிதிவண்டியின் வேகத்தை ஒத்ததாகவே பலமுறை காணப்படுகின்றது. இந்தத் தாமதமே மனிதனுக்குக் கிடைத்த அவகாசமாகும்.

முதிர்ந்த சூறாவளியின் நடுவே 'கண்' எனப்படும் ஓர் அமைதியான வட்டம் உண்டு. அதனுள் காற்று அடங்கும், மழை ஓயும், சில வேளைகளில் விண்மீன்களுந் தெரியும். அக்கண்ணைச் சூழ்ந்து நிற்கும் முகிற் சுவரிலேதான் காற்று மிகக் கொடியது. கண் ஓர் ஊரைக் கடக்கும்போது, புயல் முடிந்துவிட்டதென்று எண்ணிக் கூரையைப் பார்க்கவும் படகைத் தேடவும் வெளியே வருவோர் உண்டு. அரை மணி நேரத்திலோ ஒரு மணி நேரத்திலோ மறுபக்கத்துச் சுவர் வந்து சேரும். அப்போது காற்று முன்னைய திசைக்கு நேரெதிர்த் திசையிலிருந்து, சற்றும் குறையாத வேகத்துடன் மோதும். ஒரு பக்கமாய் ஆட்டங்கண்ட சுவரும் மரமும் இரண்டாம் மோதலிலே சாயும்.

காற்றின் திசையைக் கொண்டே சூறாவளியின் மையம் எப்பக்கத்தில் உள்ளதென அறியலாம். 19 ஆம் நூற்றாண்டிலே ஒல்லாந்து நாட்டு அறிஞர் பைஸ் பலோ விளக்கிய விதி அது: வட அரைக்கோளத்தில் ஒருவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பாராயின், மையம் அவருடைய இடக்கைப் பக்கத்தில் இருக்கும். கல்முனைக்குடிக் கரைக்கு இதன் பொருள் பெரிது. மேற்கு நோக்கி வரும் சூறாவளியின் மையம் ஊருக்கு வடக்கே கரையேறினால், காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். மையம் தெற்கே கரையேறினால், காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி வீசி, நீரையும் உடன் கொண்டு வரும். ஆகவே, 'சூறாவளி எங்கே கரையேறும்?' என்னும் வினாவுக்கு விடை சில பத்துக் கிலோமீற்றர் மாறினாலும், ஊரின் நிலை முற்றாக மாறிவிடும்.

சூறாவளி அழிப்பது மூன்று வழிகளால்: காற்று, கடல்நீர், மழைநீர்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தாக்கம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றர் சுவரின்மேல் ஏறத்தாழ 17 கிலோகிராம் நிறையளவு அழுத்துமாயின், 120 கிலோமீற்றர் வேகக் காற்று 68 கிலோகிராம் அழுத்தும். கூரையோ அழுத்தப்படுவதில்லை, உறிஞ்சப்படுகின்றது. கூரையின் மேலே காற்று விரைந்தோடுவதால் அங்கே அமுக்கம் குறைகின்றது. ஒரு யன்னல் உடைந்து காற்று உட்புகுந்தாற் கீழிருந்தும் உந்துதல் சேர்கின்றது. தகரமும் ஓடும் பறப்பது இதனாலேயே. கூரையை வளையோடும், வளையைச் சுவரோடும் இறுகப் பிணைத்த வீடு நிலைத்து நிற்கும். தன் பாரத்தை மட்டும் நம்பிக் கிடக்கும் கூரை நிலையாது. வீழ்ந்த தென்னையின் கதை இன்னும் நீண்டது. புதிதாக நட்ட தென்னை காய்த்துப் பயன் தருதற்கு ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். ஓர் இரவின் காற்று ஒரு குடும்பத்தின் பல்லாண்டு வருவாயைக் கொண்டு போகின்றது. 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலினாற் காவிரிப் படுகையின் தென்னை விவசாயிகள் இதே துயரை அடைந்தனர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்றுவோருக்கு, அந்த நாகூரும் இதே விரிகுடாவின் கரையில் இதே காற்றை எதிர்நோக்கி நிற்கின்றது என்பது புதிய செய்தியன்று.

இரண்டாவது கடல்நீர். மையத்தில் அமுக்கம் குறைவதால் கடல் சற்றே உயர்கின்றது. அமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும். பெரும்பங்கு உயர்வுக்குக் காரணம், காற்று நீரைத் தள்ளிக் கரையிலே குவித்தலாகும். கரையோரக் கடல் ஆழங்குறைந்து நெடுந்தூரம் பரந்திருக்கும் வங்காளக் கரையில் நீர் பல மீற்றர் உயர்ந்து எழும். கிழக்கிலங்கைக் கரையிலோ கடல் விரைவில் ஆழமாகிவிடுவதால் அத்துணை உயர்வு ஏற்படுவதில்லை. எனினும் தாழ்ந்த மணற்கரையில் வாழ்வோருக்கு இரண்டு மீற்றர் நீரே போதும், உயிருக்கு உலை வைக்க. ஒரு கன மீற்றர் நீரின் நிறை ஆயிரம் கிலோகிராம் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

மூன்றாவது மழைநீர். பலரும் இதனையே குறைவாக மதிப்பர். மேற்கே மலைநாட்டிலும் வயல்நாட்டிலும் பெய்த மழை கடலை அடைவதற்கு இந்த ஒடுங்கிய கரையைக் கடந்தாக வேண்டும். முகத்துவாரங்கள் மணலால் அடைபட்டும், தோணாக்கள் குப்பையால் தூர்ந்தும் கிடக்குமாயின், வெள்ளம் ஊரிலேயே தங்கிவிடும். 2024 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் திகதி, பின்னர் ஃபெங்கல் எனப் பெயர் பெற்ற தாழமுக்கம் கிழக்குக் கரைக்கு அண்மையில் இருந்தபோது, காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியிலே, மத்ரசா மாணவரை வீடு நோக்கி ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது; இளம் மாணவர் சிலர் உயிரிழந்தனர். அன்று அது சூறாவளியாகவும் ஆகியிருக்கவில்லை. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியும் காற்றின் வலிமையில் 1978 ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு மிகவும் குறைந்தது. ஆயினும் அது மெதுவாக நகர்ந்து பெருமழை சொரிந்தமையால், வெள்ளத்திலும் மலைநாட்டின் மண்சரிவிலும் 600 பேருக்கு மேல் மாண்டனர். காற்றின் வேகத்தைக் கேட்டு 'இது சிறிய புயல்' என்று அமைதியுறுவோர் கற்க வேண்டிய பாடம் இதுவே. புயல் வீட்டைக் காற்றினால் இடிக்கின்றது. உயிரைப் பெரும்பாலும் நீரினாலே பறிக்கின்றது. பூமியின் வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில், சூடேறிய காற்று கூடுதலான ஈரத்தைச் சுமப்பதால், புயல்மழை மேலும் கடுமையாகும் என்றும், உயரும் கடல்மட்டம் கரையோர வெள்ளத்தைப் பெருக்கும் என்றும் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டுகின்றனர்.

கல்முனைக்குடியார் கடலின் சீற்றத்தை அறியாதவரல்லர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையில், இலங்கையிலே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். எனினும் அப்பேரலைக்கும் சூறாவளிக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் பேரலை கரையை அடைந்தது. எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. சூறாவளியோ பல நாட்கள் முன்னதாகவே தன்னை அறிவித்துக் கொண்டு வருகின்றது. செய்மதிகள் அதன் பிறப்பைக் காண்கின்றன. வளிமண்டலவியல் திணைக்களம் அதன் வழியைக் கணிக்கின்றது. வானொலி அதனை வீடுதோறும் சேர்க்கின்றது. புயலினின்று விலகிப் பாயும் நீண்ட பெருந்திரைகள், புயலுக்கு முன்பே கரையை வந்தடைந்து, அனுபவமுள்ள மீனவருக்குச் செய்தி சொல்கின்றன. ஆழிப்பேரலையிலே அறியாமையினால் இறந்தனர்; சூறாவளியிலே அறிந்தும் அசையாமையினால் இறக்க நேரின், அதனை விதி என்று கூறிவிட இயலுமோ?

எச்சரிக்கை உயிர் காக்கும் என்பதற்கு வங்காள நாடே சான்று. 1970 ஆம் ஆண்டு நவம்பரில் அங்கு வந்த சூறாவளியில் மூன்று இலட்சம் மக்களுக்கு மேல் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. அதன் பின் 1972 ஆம் ஆண்டில் சூறாவளி ஆயத்தத் திட்டம் அங்கு தொடங்கப்பட்டது. ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி வீடுவீடாகச் சென்று மக்களை அழைத்தனர். உயர்ந்த தூண்களின்மேல் புகலிடங்கள் எழுந்தன. 2007 ஆம் ஆண்டு நவம்பரில், முன்னையதிலும் வலிமை குறையாத சிடர் சூறாவளி அந்நாட்டைத் தாக்கியபோது, இறந்தோர் தொகை ஏறத்தாழ 3,400 ஆகவே இருந்தது. அதுவும் பெரும் இழப்பே. ஆயினும், இலட்சங்கள் ஆயிரங்களாகக் குறைந்தன. கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை, மக்கள் மாறினர்.

கல்முனைக்குடிக்கு அதற்கான கருவிகள் புதிதாகத் தேட வேண்டியனவல்ல. பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கி ஒவ்வொரு வீதிக்கும் எட்டும். பாடசாலைகளின் மாடிக் கட்டடங்கள் கடற்கரைக் குடிசைகளைவிட உறுதியானவை. வேண்டுவது முன்னேற்பாடு. எச்சரிக்கை விடுக்கப்பட்டதும் மீனவர் கடலுக்குச் செல்லாதிருத்தல் வேண்டும். படகுகளையும் வலைகளையும் பகலிலேயே உயர இழுத்துக் கட்டுதல் வேண்டும். கரையோரத்தார் இருட்டுவதற்கு முன் புகலிடம் சேர்தல் வேண்டும்; முதியோரையும் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் முதலில் அனுப்புதல் வேண்டும். வெள்ளம் மூடிய பாலத்தையும் வீதியையும் எவ்வகை ஊர்தியாலும் கடக்க முயலலாகாது. காற்று திடீரென அடங்குமாயின், அது கண்ணாக இருக்கலாம். அறிவித்தல் வரும்வரை வெளியே வரலாகாது. புயல் ஓய்ந்த பின் அறுந்து கிடக்கும் மின்கம்பிகளை அணுகலாகாது. வெள்ளம் புகுந்த கிணற்றின் நீரைச் சுத்திகரியாமல் அருந்தலாகாது. இவற்றுக்கும் மேலாக, மாரி தொடங்குமுன் தோணாக்களைத் துப்புரவு செய்து, வெள்ளம் கடலுக்கு வழிந்தோடப் பாதை விடுதல் ஊரார் யாவரதும் கடமையாகும்.

1978 ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று அறுபதை அண்மித்துள்ளனர். அன்றைய இரவிலே எத்திசையிலிருந்து காற்று எழுந்தது, எவ்விடம் வரை நீர் ஏறியது, எந்தக் கட்டடம் நிலைத்தது, எது வீழ்ந்தது என்பனவெல்லாம் அவர்களுடைய நினைவிலே உள்ளன. அந்நினைவு ஏட்டிலும் வரைபடத்திலும் பதிவு பெறாவிடின் அவர்களோடு மறைந்துவிடும். அடுத்த சூறாவளி வரும் நாளில் ஊர் ஒன்றும் அறியாததாய் நிற்கும். நவம்பர் மாதம் பிறக்கும்தோறும் ஊரின் பாடசாலைகள் தங்கள் மாணவரைப் பேனாவும் தாளுமாக அந்த முதியோரிடம் அனுப்புமாயின், அடுத்த புயலுக்கான ஆயத்தம் அன்றே தொடங்கிவிடும்.